இடது பக்க சீட்

அடி. இன்னும் நல்லா அடி. ரயில்வே கேட் போட்டிருக்கிறது. முதலில் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார், காருக்குப் பின்னால் நான். இதில் எனக்குப் பின்னால் பைக்கில் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான். எங்கே போகச் சொல்கிறான் என்னை? டிராக்டர் தலைக்கு மேலேயா? கண்ணாடியில் அவன் முகம் தெரிகிறது, முப்பது வயதுகூட இருக்காது. ஸ்டியரிங்கில் வெள்ளை முடியைப் பார்த்துவிட்டால் போதும், இவர்களுக்குக் கை தானாக ஹாரனுக்குப் போகிறது. எழுபத்தாறு வயதுப் பொம்பளை வண்டி ஓட்டினால் ரோட்டில் வருகிற தாமதத்துக்கெல்லாம் அவள்தான் காரணம், ரயில் வருவதற்குக்கூட அவள்தான் காரணம். சித்திரை வெயில் கண்ணாடி வழியாக நேராக என் முழங்கையில் விழுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டதால் ஃபேனும் இல்லை. வண்டிக்குள்ளேயே கக்கூஸ் இருந்தாலும் என் வீட்டுக்காரர் பகலில் வெளியில்தான் போவார், இந்த மனுஷன் ஒன்றுக்குப் போகிறேன் என்று இறங்கினார். ‘ரெண்டு நிமிஷம்’ என்றார். எண்பத்திரண்டு வயதில் ரெண்டு நிமிஷம் என்பது ஐந்து நிமிஷம், அது எனக்குத் தெரியும். கேட் போட்டதும் இறங்கினார், அப்போது மணி பதினொன்று. இப்போது பதினொன்று எட்டு. சரி, எட்டு நிமிஷம் ஒன்றும் பெரிதில்லை. மறைவாக இடம் பார்த்திருப்பார், யாராவது பேச்சுக் கொடுத்திருப்பார்கள். யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டால் இவரே கொடுப்பார். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் சங்கிலி பிடித்த மனுஷன், எந்த ஊர் வயலைப் பார்த்தாலும் நின்று வரப்பு எத்தனை அடி என்று கேட்கிற புத்தி. சிவப்புக் காரிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்க்கிறாள். ஜன்னல் திரையைப் பார்க்கிறாள், மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறாள். கேட்கப் போகிறாள். கேட்டுவிட்டாள். “கேரவனா இது? என்ன ஷூட்டிங்?” ஷூட்டிங் இல்லை, நாங்கள் இதில்தான் இருக்கிறோம் என்றேன். “இதுலயேவா? இந்த வயசுலயா?” இந்த வயசில்தான் அம்மா, வேறு எந்த வயசில் எனக்கு நேரம் இருந்தது? இதை நான் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். சிரித்துச் சிரித்தே என் கன்னம் வலிக்கிறது, எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் இதே கேள்வி, இதே முகம், பாவம் பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று கண்ணிலேயே ஒரு முடிவு. துரத்தவில்லை. கூப்பிடுகிறார்கள். அதுதான் இப்போது பிரச்சினையே.

பூங்கொடி நேற்று சாயங்காலம் செய்ததை நினைத்தால் இப்போதும் காது எரிகிறது. என் மகள்தான், நான் பெற்றதுதான், புனேயில் இருந்துகொண்டு தினம் ஏழு மணிக்குப் போன் செய்கிறது. நேற்று அண்ணனையும் லைனில் சேர்த்துக்கொண்டு வந்தாள். செழியன் சென்னையில் இருக்கிறான், அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான், மெதுவாகப் பேசுகிறவன் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான் என்று அர்த்தம். ‘அம்மா, இதுவரைக்கும் ஊர் சுத்தினதெல்லாம் சரி. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முடியலைன்னாலும் வண்டியைக் கொடுத்துடணும்னு அப்பவே பேசினோம் இல்லையா’ என்றான். பேசினோம். ‘அப்பாவை நான் பாத்துக்கறேன், நீ கொஞ்ச நாள் பூங்கொடிகிட்ட இரு. அவளுக்கும் உதவியா இருக்கும். எங்க வீட்ல ஒரு ரூம்தான் இருக்கு.’ கேட்டீர்களா? அலமாரியைச் சென்னைக்கும் பீரோவைப் புனேவுக்கும் அனுப்புகிற மாதிரி. ஐம்பத்து நான்கு வருஷம் ஒரு மனுஷனின் குறட்டையைக் கேட்டுக் கேட்டு, அது நின்றால் விழித்துக்கொள்கிற அளவுக்கு என் காது பழகிவிட்டது. அதை எந்த ரூமில் வைப்பான் இவன்? நான் கத்தவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார், இப்போதுதான் சாப்பிட்டார், படுத்திருக்கிறார் என்றேன். படுத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் வண்டிக்கு வெளியே, கையில் வேஷ்டியை வைத்துக்கொண்டு, அதை எங்கே காயப்போட வேண்டும் என்று தெரியாமல் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். கொடி அவர் மூக்குக்கு நேரே கட்டியிருந்தது. அவர் கட்டிய கொடிதான்.

பதினொன்று பதிமூன்று. கூட்ஸ் வண்டி போகிறது. ஒன்று, இரண்டு என்று பெட்டியை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன், ஏனென்றால் எண்ணும்போது போன மாதம் குற்றாலம் ஞாபகம் வந்துவிட்டது. வண்டிக்குள்ளே இருப்பது ஒரே ஒரு கதவு. கக்கூஸ் கதவு. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இவரே நின்று, இவரே டேப் பிடித்து அளந்து போட்ட கதவு. குற்றாலத்தில் ஒரு காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “திலகா, எந்தக் கதவு?” என்றார். நான் சிரித்தேன். ‘ஆமாம், அரண்மனை பாருங்க, எழுபது கதவு இருக்கு’ என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. மூன்று மாதமாகவே இப்படித்தான். காப்பியில் சர்க்கரை போட்டு, கலக்கி, மறுபடி போடுகிறார். எட்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவர் அக்காளுக்குப் போன் போடச் சொல்கிறார், நான் பார்க்கிற பார்வையைப் பார்த்ததும், ‘சும்மா சொன்னேன்’ என்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரு சும்மா. எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வரவேண்டும் என்பார்கள், இரக்கம் வரவேண்டும் என்பார்கள், எனக்கு வருவது கோபம். இந்த வண்டி யாருடைய ஆசை? என்னுடையதா? ரிடையர் ஆனதிலிருந்து மேப்பை விரித்து விரித்து என் உயிரை வாங்கியது யார்? வேண்டாம், வேண்டாம், சொந்தமாகக் குளியலறை இருக்கும்போது ஊர் ஊராகத் தண்ணீருக்கு ஏன் அலைய வேண்டும் என்று எத்தனை வருஷம் சண்டை போட்டேன். கடைசியில் என்னை இதில் ஏற்றிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் பாலத்துக் கட்டையில் வண்டியை உரசிவிட்டு, கண் சரியில்லை நீ ஓட்டு என்று சாவியையும் கையில் கொடுத்துவிட்டு, இப்போது பாதியில் கழன்றுகொள்ளப் பார்க்கிறார். அப்படித்தான் தோன்றுகிறது எனக்கு. என்னைப் பழக்கிவிட்டுத் தான் மட்டும் எங்கேயோ இறங்கிப் போகிறார்.

பழகியதுதான் குற்றம். பிடித்துப்போனதுதான் குற்றம். விற்றுவிட்ட திருவானைக்காவல் வீட்டில் என் சமையலறை பன்னிரண்டுக்குப் பத்து. அதில் நாற்பது வருஷம் நான் யார் யாருக்கோ தட்டு வைத்தேன், யாருடைய காப்பி ஆறிவிட்டது, யாருக்குக் காரம் ஆகாது என்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு மணி நேரம் ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் ஒருத்தரோடு ஒருத்தர் இணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னோடு பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. இந்த வண்டியில் அடுப்பு நாலடிப் பலகையில் இருக்கிறது. கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் படுக்கை. மணப்பாட்டில் ஒரு காலை, கடலுக்கு முகத்தைத் திருப்பி வண்டியை நிறுத்தி, படியில் உட்கார்ந்து, ஒரு தம்ளர் டீயை ஒரு மணி நேரம் குடித்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. எழுபது வயதுக்கு மேல்தான் ஒரு தம்ளர் டீயை நடுவில் எழுந்திருக்காமல் குடித்தேன் என்று சொன்னால் அந்தச் சிவப்புக் கார் அம்மாளுக்குப் புரியுமா? புரியும். அவளும் பொம்பளைதானே. புரிந்தாலும் பாவம் என்றுதான் பார்ப்பாள். மழை வந்தால் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் இவர் எழுந்து உட்கார்ந்து, இது எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் சொல்லு என்பார். நான் ஒரு கணக்கு, அவர் ஒரு கணக்கு. இரண்டும் தப்பாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு நான் புனேயில் மூன்றாவது மாடியில் போய் உட்கார வேண்டும். அதற்காகத்தான் பொய் சொல்கிறேன், வேறென்ன. எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எத்தனை பேரின் பொய்யைக் கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று டிரங்க் காலில் கத்துகிறவன் நன்றாக இல்லை என்று குரலிலேயே தெரியும். அப்போதெல்லாம் இவர்களுக்கு வெட்கமாக இல்லையா என்று நினைப்பேன். இப்போது தினம் ஏழு மணிக்கு அதே குரல் என் வாயிலிருந்து வருகிறது, பூங்கொடிக்கு அது தெரியாமலா இருக்கும்?

பதினொன்று இருபது. கூட்ஸ் போய்விட்டது, கேட் திறக்கவில்லை, எதிர்ப் பக்கமிருந்து இன்னொன்று வருகிறதாம். வரட்டும். வண்டி வண்டியாக வரட்டும், சாயங்காலம் வரைக்கும் வரட்டும், அதற்குள் அவர் வந்துவிடுவார். கண்ணாடியில் பார்க்கிறேன். பைக், பைக்குக்குப் பின்னால் லோடு ஆட்டோ, அதற்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் கருவேலம் புதர். அங்கேதான் போனார். வெள்ளைச் சட்டை, நீல லுங்கி. லுங்கியா வேஷ்டியா? காலையில் என்ன கட்டியிருந்தார்? எனக்கே ஞாபகம் இல்லை, பார்த்தாயா. போலீஸில் கேட்டால் என்ன சொல்வேன்? என்ன போலீஸ், என்ன பேச்சு இது. தண்டவாளம் அந்தப் புதருக்குப் பின்னால்தானே வளைகிறது. இல்லை. அந்த நினைப்பை நான் நினைக்கப் போவதில்லை. ரயில் ஊதுகிறது. இல்லை, இல்லை. பாசஞ்சர் தடதடவென்று வந்து, ஜன்னல் ஜன்னலாக முகங்களைக் காட்டிவிட்டுப் போகிறது, நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரைக்கும் மூச்சு விடவில்லை. ரயில் நிற்காமல் போய்விட்டது. நிற்காமல் போனால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மணி அடிக்கிறது. கேட் மேலே போகிறது. டிராக்டர் புகையைக் கக்குகிறது. சிவப்புக் கார் நகர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் காலி ரோடு. பின்னால் ஒரே நேரத்தில் அத்தனை ஹாரனும்.

எடுக்க மாட்டேன். எப்படி எடுப்பேன்? கேட்டைத் தாண்டி நிறுத்திவிட்டு வரலாம், அதுதான் புத்தி. ஆனால் அவர் திரும்பி வரும்போது வண்டி இங்கே இல்லாவிட்டால்? இறங்கின இடத்தில் வண்டி இல்லாவிட்டால் அவருக்கு உலகமே இல்லை. பைக்காரன் ஜன்னலுக்கு வந்துவிட்டான். “ஆச்சி, வண்டிய எடுங்க ஆச்சி! ஓட்டத் தெரியலன்னா எதுக்கு எடுத்துட்டு வாறிய?” எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதவையே பிடுங்கி அவன் மேல் போட்டிருப்பேன். “ஓட்டத் தெரியும்டா. உன் அப்பனுக்கு லைசென்ஸ் இல்லாத காலத்திலேயே எனக்கு ஓட்டத் தெரியும். எங்க வீட்டுக்காரர் இறங்கிப் போனவர் வரலை. சுத்திப் போ.” கத்திய பிறகுதான் தெரிந்தது, அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று. இறங்கிப் போனவர் வரலை. அவன் முகம் மாறிவிட்டது. அவன் முகம் மாறியதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். முட்டி மடங்கவில்லை, கதவைப் பிடித்துத் தொங்கி இறங்க வேண்டியிருந்தது. புதருக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டில், ஒரு செருப்பு. அவருடைய செருப்பு இல்லை. “என்னங்க!” என்று கூப்பிட்டேன். ஐம்பத்து நான்கு வருஷமாகக் கூப்பிடுகிற அந்த ‘என்னங்க’ வெட்டவெளியில் எவ்வளவு உதவாத வார்த்தை என்று அப்போது தெரிந்தது. யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. “சிதம்பரநாதன்!” என்று கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுக் கத்தியதில்லை. லோடு ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். பஸ் என்னை உரசிக்கொண்டு போனது, ஜன்னலில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். வரிசையில் பின்னோக்கி நடந்தேன். வண்டிகள் எதிரே நகர்ந்து வந்து என்னைத் தாண்டின. ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன், ஏன் என்று தெரியாது.

நகராமல் ஒரு வண்டி நின்றது. வெள்ளை வேன், எங்கள் வண்டியைப் போலவே உயரம், எங்கள் வண்டியைப் போலவே நீளம். டிரைவர் கீழே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். உள்ளே சங்கரன்கோவிலுக்குக் குழந்தைக்கு மொட்டை போடப் போகிற குடும்பம், பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் டிரைவருக்கு இடப்புறம், இடது பக்க சீட்டில், இவர். பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்து. என் சீட்டில் நான் இல்லாததைப் பற்றி எரிச்சலாக. அந்த எரிச்சல் முகத்தை எனக்குத் தெரியாதா? கடைக்குப் போய் நான் தாமதமாக வந்தால் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார். “பெரியவரு பாட்டுக்கு வந்து ஏறி உக்காந்துட்டாவ,” என்றார் டிரைவர். “எறங்குங்கய்யான்னா எறங்க மாட்டேங்காவ. திலகா வரட்டும், போலாம்ங்காவ. நீங்கதான் திலகாவா?” நான்தான் திலகா. பின் சீட்டிலிருந்து ஒரு பெண், “தண்ணி குடுத்தோம் ஆச்சி, குடிச்சாவ. பெரியவர வையாதிய,” என்றாள். நான் சிரித்தேன். இன்னொரு முறை, கன்னம் வலிக்க. “எல்லாம் ஒரே வெள்ளை வண்டி, மாறி ஏறிட்டார், வெயில் வேற,” என்றேன். டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் நம்பவில்லை, நான் நம்பச் சொல்லவும் இல்லை. “இறங்குங்க,” என்றேன். என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மொட்டை போடப் போகிற குழந்தையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கட்டடம் மெதுவாக உட்காருகிறதை நான் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். கழற்ற வரவில்லை. டிரைவர்தான் எட்டிக் கழற்றிவிட்டார்.

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. வண்டியில் ஏற்றி, கேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓர் அரிசி மில் மதில் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்ததும் ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று முழுக்கச் சொல்ல முடியாது. உங்களுக்கு என் நினைப்பு இருக்கிறதா என்றேன். ரயில் வந்தபோது எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா என்றேன். மூன்று மாதமாக நான் பெற்ற பிள்ளைகளிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களை மறைத்து மறைத்து என் முதுகு ஒடிகிறது என்றேன். டேஷ்போர்டைக் கையால் அடித்தேன், கை வலித்தது, மறுபடி அடித்தேன். அவர் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “ஆறு மாசம்,” என்றார்.

“என்ன ஆறு மாசம்?”

“உனக்கு மூணு மாசமாத்தான் தெரியும். எனக்கு ஆறு மாசமாத் தெரியும் திலகா. ஐப்பசியிலேர்ந்து.” சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். வியர்வையில் நனைந்து நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. இவருடைய அச்சு மாதிரியான கையெழுத்து, நில அளவைப் புத்தகத்தில் எழுதுகிற அதே கையெழுத்து. ‘வெள்ளை வேன். இடது பக்க சீட். திலகவதி, என் மனைவி, கண்ணாடி போட்டிருப்பாள்.’ கீழே வண்டி நம்பர். “எறங்கும்போதெல்லாம் எடுத்துப் பாத்துக்குவேன். இன்னைக்கு நம்பரைப் பாக்காம விட்டுட்டேன். வெள்ளை வேன், இடது பக்க சீட், ரெண்டும் சரியா இருந்துது. நீ இல்லையேன்னுதான் உக்காந்திருந்தேன்.”

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது? நான் இவரை ஊருக்கு மறைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் இவரை எனக்கு மறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டடி இடைவெளியில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ஒரே விஷயத்தை. என் மனைவி என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்தால்தான் நிற்குமாம். கண்ணாடி போட்டிருப்பாளாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நான் யார்? “ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?” என்றேன். டா என்று வந்துவிட்டது. அவர் கவனித்தார். கொஞ்சம் சிரித்தார். “சொன்னா வண்டியை வித்துடுவாங்க. நீ அந்தப் படியில உக்காந்து டீ குடிக்கிறதைப் பாத்திருக்கேன். எப்படிச் சொல்றது?” என்றார். இதைக் கேட்டதும் நான் உருகியிருக்க வேண்டும், இல்லையா. உருகவில்லை. எனக்காகவாம். யார் கேட்டது? ஆறு மாதம் தனியாக இதைச் சுமந்துகொண்டு, இறங்குகிற இடத்திலெல்லாம் சீட்டைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பயந்து, எனக்காக. நான் டீ குடிப்பதற்காக.

போனை எடுத்தேன். மத்தியானத்தில் நான் கூப்பிட்டதும் பூங்கொடி பதறிவிட்டாள். “என்னம்மா, என்னாச்சு?” எக்ஸ்சேஞ்ச் குரல் தொண்டை வரைக்கும் வந்தது, ஒன்றுமில்லை, சும்மாதான் என்று. அதை விழுங்கினேன். “அப்பாவுக்கு ஞாபகம் தப்புது. மூணு மாசமா எனக்குத் தெரியும். நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். இன்னைக்கு வேற யார் வண்டியிலயோ ஏறி உக்காந்துட்டார். கிடைச்சுட்டார், பக்கத்துலதான் இருக்கார். கத்தாதே, நான் சொல்லி முடிச்சுடறேன்.” அவள் கத்தவில்லை. அழுதாள். பிறகு கத்தினாள். எத்தனை தடவை கேட்டேன், எத்தனை தடவை நல்லா இருக்கார்னு சொன்னே என்று. அவள் கத்தியது நியாயம், அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாவை இன்றைக்கே கிளம்பி வரச் சொல்கிறேன், அப்பாவை அழைத்துக்கொண்டு போகட்டும் என்றாள்.

“செழியன் வரட்டும். வந்து பாக்கட்டும். தனியா அப்பாவை மட்டும் எங்கேயும் அனுப்ப மாட்டேன்.”

“உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? நடு ரோட்டுல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவருக்கு யாரும்மா இருக்கா?”

மூன்று மாதமாக இந்த இடத்துக்கு வந்ததும் என் நினைப்பு சுவரில் மோதித் திரும்பிவிடும். “தெரியாது,” என்றேன். “அதுக்கு எனக்குப் பதில் தெரியாது பூங்கொடி. ஆனா ரெண்டு ஊர்ல ரெண்டு பேரையும் வைக்கிறது அதுக்குப் பதில் இல்லை. அது மட்டும் தெரியும். திங்கக்கிழமை மதுரையில டாக்டரைப் பாக்கப் போறோம். நீயும் வா. வண்டியில மூணு பேர் படுக்கலாம். டாக்டர் சொல்றதைக் கேட்டுட்டு, எங்க நிறுத்தணும், எத்தனை நாள் ஓட்டலாம்னு நாலு பேரும் உக்காந்து பேசலாம். எங்களை விட்டுட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் பேசாதீங்க.” “ஞாயித்துக்கிழமை வரேன்,” என்றாள். குரலில் கோபம் குறையவே இல்லை. என் மகள்தான்.

“அவ எங்க படுப்பா?” என்றார் இவர். “உங்க இடத்துல. நீங்க கீழ,” என்றேன். “நான் எதுக்குக் கீழ?” என்றார். பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ரவையை வறுக்க ஆரம்பித்தபோது மில்லின் வாட்ச்மேன் வந்து வண்டியின் தகரத்தைத் தட்டினார். எங்கள் வயதுக்குப் பக்கத்தில் வருகிற ஆள், காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. “இங்கன வண்டி போடக் கூடாது. லாரி திரும்புத எடம். எடுங்க.” நான் கரண்டியோடு கதவில் வந்து நின்றேன். “எடுக்க மாட்டேன். உப்புமா ஆகணும், நாங்க ரெண்டு பேரும் சாப்பிடணும், அப்புறம்தான் எடுப்பேன். லாரி வந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நானே பேசிக்கறேன்.” அவர் சண்டைக்கு வரவில்லை. எட்டி உள்ளே பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், பலகையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இவரைப் பார்த்தார். “இதுலயேவா இருக்கிய? எத்தனை வருசமாச்சு?” என்று இவரிடம் கேட்டார்.

இவரிடம் கேட்டுவிட்டார். நான் கரண்டியை நிறுத்திவிட்டேன். பதிலை நான் சொல்லிவிடலாம், மூன்று மாதமாக அப்படித்தான் செய்கிறேன், யார் இவரிடம் எது கேட்டாலும் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன், இவர் தலையாட்டுவார். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இவர் கத்தியைக் கீழே வைத்தார். வெங்காயத்தில் கண் கலங்கியிருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். வண்டியில் ஏறியது கார்த்திகையில், நான் மனதுக்குள் கார்த்திகை, கார்த்திகை என்று பல்லைக் கடித்தேன். ஒரு எட்டுத் தூரத்தில்தான் நின்றேன், சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஏழு வருஷம் அஞ்சு மாசம்,” என்றார். “வர்ற கார்த்திகை வந்தா எட்டு முடியுது.”

சரி. சரியாகச் சொல்லிவிட்டார். மாதம்கூடத் தப்பவில்லை. வாட்ச்மேன் தலையை ஆட்டிக்கொண்டு, “சாப்ட்டுட்டு மெதுவா எடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். ரவை அடியில் பிடித்துக் கருகுகிற வாசனை வந்தது. நான் திரும்பி நின்று வேகவேகமாகக் கிளறினேன். என் கோபமெல்லாம் கரண்டிக்கு வந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரியும் என்ன செய்வதென்று. இப்படி ஒரேயடியாகவும் போகாமல், ஒரேயடியாகவும் இருக்காமல், சரியாகச் சொல்கிற மனுஷனை நான் என்ன செய்வது?

“கருகுது பார்,” என்றார் இவர்.

“தெரியும்,” என்றேன்.